கல்லூரியா, வேலையா? வீடியோ விளையாட்டு படைக்க விரும்பும் மாணவருக்கு

திருச்சி கே.கே. நகரிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம். 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2003-இல் இப்பெயர் பெற்றது. மற்றொன்று, நவல்பட்டில் எல்காட் நிறுவனம் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்கா. ஒரு பக்கம் படிப்பு, மறுபக்கம் வேலை. கைப்பேசியில் ஆடும் விளையாட்டைத் தானே படைக்க வேண்டும் என்று ஆசை கொண்ட பிளஸ் டூ மாணவர் எந்தப் பக்கம் போவது? நிரல் எழுதக் கொஞ்சம் தெரிந்தவுடன் வேலையில் இறங்கிவிடலாமா? அல்லது வீட்டில் கடன் வாங்கியாவது மேலே படிக்க வேண்டுமா?

விடை தேடுமுன் வீடியோ விளையாட்டின் உள்ளே சற்று எட்டிப் பார்ப்போம்.

ஓர் உருவம் பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கிறது. திரையில் படம் பெரும்பாலும் வினாடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. ஆகவே ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 16.7 மில்லி வினாடி மட்டுமே. அதற்குள் கணிப்பொறி பொத்தான் அழுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். உருவத்தின் வேகத்தைக் கணக்கிட்டு அதன் இடத்தை மாற்ற வேண்டும். சுவரில் மோதியதா என்று சோதித்துப் படத்தையும் வரைந்து முடிக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. உருவம் 2 மீட்டர் உயரம் எழும்ப வேண்டும், 0.4 வினாடியில் உச்சியைத் தொட வேண்டும். ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு இருக்க வேண்டும்? உயரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். 4-ஐ 0.16-ஆல் வகுக்க, 25 மீட்டர்/வினாடி² என்று விடை வரும். உயரத்தின் இரு மடங்கை நேரத்தால் வகுத்தால் தொடக்க வேகம் 10 மீட்டர்/வினாடி. பதினோராம் வகுப்பு இயற்பியலில் நீங்கள் படிக்கும் இயக்கச் சமன்பாடுகள்தாம் இவை. பூமியின் ஈர்ப்பு முடுக்கமோ 9.8. அதை அப்படியே வைத்தால் அதே உயரத்துக்கு 0.64 வினாடி ஆகும். ஆடுபவர், "என்ன இது, பஞ்சு போல மிதக்கிறதே!" என்பார். விளையாட்டு உலகில் பூமியைவிட இரண்டரை மடங்கு கனமான ஈர்ப்பு இருந்தால்தான் குதிப்பு இயல்பாகத் தோன்றுகிறது. விந்தைதான், அல்லவா?

இந்தக் கணக்கில் 25 என்பதை வகுப்பறை சொல்லிக் கொடுக்கும். ஆனால் 0.4 வினாடிதான் சரி என்று எந்தப் பாடநூலிலும் இராது. 0.3, 0.4, 0.5 என்று மாற்றி மாற்றி வைத்து, பத்துப் பேரை ஆடச் சொல்லிப் பார்த்தவர்க்கே அது தெரியும். படிப்பா, வேலையா என்ற கேள்வியின் சிக்கலே இங்குதான் இருக்கிறது.

'கல்லூரி வேண்டாம்' என்போர் முதலில் காட்டும் பெயர் ஜான் கார்மாக். அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவங்கள் மட்டும் படித்துவிட்டு விலகியவர். 1993-இல் வெளியான 'டூம்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் தலைமை நிரலாளர் இவரே. அக்காலக் கணிப்பொறிகள் வேகம் குறைந்தவை. எந்தச் சுவர் முன்னால், எது பின்னால் என்று ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கணக்கிட்டுக் கொண்டிருந்தால் விளையாட்டு தவழத்தான் செய்யும். கார்மாக் என்ன செய்தார்? ஒரு சுவரைக் கோடாக நீட்டி, இடம் முழுவதையும் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு பாதியையும் மீண்டும் இவ்வாறே பிரித்து, மரத்தின் கிளைகள் போல அடுக்கி வைத்தார். ஆட்டம் தொடங்குமுன்பே இந்த வேலை முடிந்துவிடும். பிறகு ஆடுபவர் எங்கே நின்றாலும் சுவர்களின் வரிசை சட்டென்று கிடைத்துவிடும். இந்த முறை அவர் கண்டுபிடித்ததன்று. ஃபுக்ஸ், கெடெம், நேய்லர் என்னும் மூவர் 1980-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் உள்ளது. கல்லூரியை விட்டவர்தாம், ஆனால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தவர். அவரைப் பின்பற்ற விரும்புவோர் இந்தப் பாதியையும் பின்பற்ற வேண்டும் அல்லவா?

எரிக் பரோன் கதை இதற்கு நேர்மாறு. இவர் 2011-இல் கணிப்பொறி அறிவியல் பட்டம் பெற்றார். வேலை கிடைக்கவில்லை. நிரல் எழுதும் திறனை வளர்த்துக் கொண்டால் வேலை கிடைக்கும் என்று பயிற்சியாக ஒரு பண்ணை விளையாட்டைத் தொடங்கினார். படம், இசை, கதை எல்லாம் ஒருவரே. நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட அந்த 'ஸ்டார்டியூ வேலி' உலகெங்கும் விற்றது. வெற்றிக் கதைகளில் வேகமாகக் கடந்துவிடும் ஒரு செய்தியும் உண்டு. அந்த ஆண்டுகளில் அவர் ஒரு நாடக அரங்கில் பார்வையாளருக்கு இருக்கை காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார். தோழியின் வருமானமும் கைகொடுத்தது. நான்கு ஆண்டுகள் உங்களுக்கு யார் சோறு போடுவார்கள் என்பதை வீட்டில் வெளிப்படையாகப் பேசிய பிறகே இவ்வழியை நினைக்க வேண்டும்.

நம் மொழிக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்ல வேண்டும். கனடாவின் டொராண்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழு 2023 ஜூலையில் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்லி முதலியவற்றைச் சமைக்க வேண்டும்! 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. நிரல் எழுதுவோர் எத்தனையோ பேர் உண்டு. நம் சமையலறையை அறிந்து எழுதியவர் சிலரே.

சரி, இங்குள்ள மாணவர் என்ன செய்யலாம்? என் கருத்தில், நிரலாளர் ஆக விரும்புவோர் கணிதம் உள்ள பொதுவான கணிப்பொறிப் பட்டத்தையே முதலில் நாட வேண்டும். இத்துறையில் வேலை நிலையானதன்று. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் மட்டும் 1,900 பேரை நீக்கியது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டமியற்றித் தடை செய்தபோது, அவற்றை நடத்திய நிறுவனங்களிலும் பலர் வேலை இழந்தனர். பொதுப் பட்டம் இருந்தால் வேறு கதவைத் தட்டலாம். கடன் வாங்கிப் பெருங்கட்டணம் கட்டித் தனியார் 'கேம்' பயிற்சியில் சேருமுன், அங்கே படித்தவர்கள் உருவாக்கிய விளையாட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

குடும்ப நிலை காரணமாக உடனே சம்பாதிக்க வேண்டியவர்க்கும் வழி அடைபடவில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த பி.எஸ். படிப்பை வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். பாடங்கள் இணையத்தில், தேர்வு மட்டும் நேரில். பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பி.சி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. முடித்துச் சில காலம் வேலை பார்த்தவர், நிம்செட் நுழைவுத் தேர்வு எழுதித் துவாக்குடியிலேயே எம்.சி.ஏ. படிக்கலாம், பட்டப்படிப்பில் கணிதம் இருந்திருக்க வேண்டும். விளையாட்டை வடிவமைப்பதில் ஆர்வம் உள்ளவர்க்கு, தேசிய வடிவமைப்புக் கழகத்தின் பெங்களூரு வளாகத்தில் முதுநிலைப் படிப்பே உண்டு. வேலையை முதலில் எடுப்போர் சம்பளத்தைவிட ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் நிரலைப் பார்த்துத் திருத்த அங்கே மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா?

இதையெல்லாம் முடிவு செய்யுமுன் விடுமுறையில் ஒரு மாதம் ஒதுக்குங்கள், மாணவ நண்பர்களே! 'கோடோ' என்னும் விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் இலவசம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இயங்கும் பதிப்பும் உண்டு. ஒரே திரை, ஒரே உருவம், ஒரே பள்ளம். மேலே சொன்ன குதிப்பைச் செய்து முடியுங்கள். முடித்து, தெருவில் ஐந்து பேரிடம் கொடுங்கள். எப்படி ஆடுவது என்று வாயைத் திறந்து சொல்லாதீர்கள். அவர்கள் எங்கே விழுகிறார்கள், எத்தனையாவது முறையில் கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.