ஈரமானது கலனுக்கு, காய்ந்தது அடுப்புக்கு

ஓரிடத்தை விட்டு வேறிடத்திற்குக் குடிபெயரும் விவசாயக் குடும்பம் வீட்டையும் காணியையும் இழக்கிறது. இதை எல்லோரும் அறிவர். விறகு பொறுக்கிய பற்றையையும் அது சேர்த்தே இழக்கிறது என்பதை நிவாரணப் பட்டியல் எழுதுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கீழ் பழைய தெல்தெனிய மூழ்கியபோது மேட்டு நிலங்களுக்கு வந்தவர்களுக்கும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையாலும் மண்சரிவாலும் கண்டி மாவட்டத்தில் வீடிழந்தவர்களுக்கும் முதல் நாளே எழுந்த கேள்வி ஒன்றுதான்: எதை மூட்டி உலை வைப்பது? காஸ் சிலிண்டரை நம்பலாம் என்றால், 2022ஆம் ஆண்டில் வெறும் சிலிண்டரோடு வீதியோரம் இரவு பகலாக நின்றதை நாம் இன்னும் மறக்கவில்லை.

கழிவிலிருந்தும் தாவரப் பொருட்களிலிருந்தும் எரிபொருள் எடுக்கும் முறைகளை இக்காலத்தில் 'உயிரிச் சுத்திகரிப்பு' என்ற பெயரில் பேசுகிறார்கள். பெயர் பெரிது, விடயம் எளிது. 1969 முதல் இயங்கும் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரே மசகு எண்ணெயிலிருந்து பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், தார் எனப் பலவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள். அதேபோல சாணம், இலை, தடி, சமையற் கழிவு ஆகியவற்றிலிருந்து வாயுவும் விறகும் பசளையும் தீவனமும் வீணாகாதபடி பிரித்தெடுப்பதே இதுவும். இதைப் பெரிய ஆலையில்தான் செய்யவேண்டும் என்பதில்லை. பத்துப் பேர்ச் வளவிலும் செய்யலாம்.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கண்டி நகரின் குப்பையே சாட்சி. மகாவலிக் கரையோரம் கொஹாகொடவில் பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்ட குப்பையில் பெரும்பகுதி மரக்கறி, பழம், சோறு போன்ற ஈரமான கழிவே. காற்றுப் புகாத குவியலின் அடியில் அது அழுகும்போது மீதேன் வாயு வானத்திற்குப் போகிறது. கழிவுநீர் ஆற்றுப் பக்கம் இறங்குகிறது. ஒரே பொருள்தான்: கலனுக்குள் அழுகினால் அடுப்பு எரிகிறது, திறந்த வெளியில் அழுகினால் நோயும் நாற்றமும். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்றே, கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர்.

ஆகவே முதல் விதி, ஈரத்தையும் காய்ந்ததையும் பிரிப்பது. சாணத்தையும் சமையற் கழிவையும் நெருப்பில் போட்டால் நெருப்பின் சூட்டில் பெரும்பங்கு அவற்றிலுள்ள தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். மறுபுறம், தடியையும் உமியையும் வாயுக் கலனில் போட்டால் அங்குள்ள நுண்ணுயிர்களால் அந்த மரத்தன்மையைக் கரைக்க முடியாது. அடியில் கிடந்து அடைத்துக்கொள்ளும். வைக்கோல் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஏக்கலையிலுள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வைக்கோலையும் சாணத்தையும் ஒரே தடவையில் நிரப்பி மூடி, மாதக்கணக்கில் வாயு பெறும் உலர்முறைக் கலனை உருவாக்கியது. வயல் உள்ளவர்களுக்கு நல்ல முறை. வயலை விட்டு வந்தவர்களுக்கு அது இப்போது உதவாது.

இனிக் கணக்குக்கு வருவோம். கொட்டிலில் கட்டி வளர்க்கும் ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணம் இடும். ஒரு கிலோ சாணத்திலிருந்து 35 முதல் 40 லீற்றர் வரை வாயு கிடைக்கும். ஆக, ஒரு மாட்டுக்கு 350 முதல் 400 லீற்றர். சாதாரண அடுப்பொன்று சுமார் ஒரு மணித்தியாலம் எரிய இது போதும். ஐந்து பேருள்ள குடும்பத்தின் மூன்று வேளைச் சமையலுக்கு 1,000 முதல் 1,500 லீற்றர் வேண்டும். அதற்கு மூன்று மாடுகளாவது வேண்டும். ஒரு மாடு மட்டும் உள்ளவர் சோற்றையும் தேநீரையும் வாயுவில் வைத்துக்கொண்டு, நேரமெடுக்கும் பருப்பையும் கிழங்கையும் விறகில் வேகவைக்கலாம். அப்படியும் மாதத்திற்கு 12.5 கிலோ சிலிண்டரில் அரைவாசிக்குச் சற்றுக் குறைவான காஸ் மிச்சமாகும்.

கலனின் அளவும் இக்கணக்கிலிருந்தே வரும். 10 கிலோ சாணத்துடன் 10 லீற்றர் தண்ணீர் சேர்த்தால் 20 லீற்றர் கரைசல். கண்டி போன்ற வெப்பநிலையில் அது ஏறத்தாழ 50 நாள் உள்ளே தங்கவேண்டும். 20ஐ 50ஆல் பெருக்க 1,000 லீற்றர். நுவரெலியாப் பக்கம் குளிர் அதிகமாதலால் நுண்ணுயிர்கள் மந்தமாகும். அங்கே இதைவிடப் பெரிய கலன் வேண்டும், வாயுவும் மெதுவாகவே வரும். மூன்று மாடுகளுக்குத் தினமும் 30 லீற்றர் தண்ணீர் தேவை என்பதையும் மறக்கக்கூடாது. பவுசர் கொண்டுவரும் தண்ணீரில் சீவிக்கும் குடும்பம் இதைப் பற்றி இருமுறை யோசிக்கட்டும். மாட்டு மூத்திரத்தையும் சவர்க்காரம் கலவாத கழுவுநீரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இக்கணக்கைப் பார்க்காமல் கட்டியதால் நேர்ந்ததை இலங்கை நன்கு அறியும். 1970களிலிருந்து மானியத்தோடும் உற்சாகத்தோடும் கட்டிய கலன்களில் பெரும்பாலானவை இயங்கவில்லை என்பது பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. சீமெந்தில் வெடிப்பு விழுந்தது ஒரு காரணம். மாட்டை விற்றுவிட்டது, சாணம் கரைக்க ஆளில்லாதது, பழுது பார்க்க வருவோர் இல்லாதது ஆகியவையும் காரணங்கள். கலன் என்பது இன்னொரு மாடு. அதற்கும் தினமும் தீனி வைக்கவேண்டும்.

எந்த வகைக் கலன் என்ற கேள்விக்கு எமது பதில், உங்கள் கையில் காணி உறுதி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நிலத்தடியில் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டும் சீனக் குவிமாடக் கலன் நல்ல முறையில் கட்டினால் இருபது ஆண்டுகள் உழைக்கும். ஆனால் தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர், அனுமதிப்பத்திரம் இன்னும் கைக்கு வராதவர், அதில் பணத்தைப் புதைக்கக்கூடாது. மீண்டும் எழும்பச் சொன்னால் குழியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மண்சரிவு அபாயமுள்ள சரிவில் குழி தோண்டுவதும் தண்ணீர் இறக்குவதும் வேறு ஆபத்து. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை பெறாமல் அங்கே மண்வெட்டியைத் தொடவேண்டாம்.

அவ்வாறானவர்களுக்கு இரு பிளாஸ்டிக் தாங்கிகளால் செய்யும் மிதக்கும் கலன் பொருந்தும். 1,000 லீற்றர் தாங்கியில் கரைசல் இருக்கும். சற்றுச் சிறிய தாங்கி அதற்குள் கவிழ்ந்து நிற்கும். வாயு சேரச் சேர அது மேலெழும். வாயு எவ்வளவு இருக்கிறது என்பது குசினி வாசலிலிருந்தே தெரியும். இந்தியாவின் பூனேயிலுள்ள ஆர்ட்டி நிறுவனம் சமையற் கழிவில் இயங்கும் இத்தகைய கலனைப் பரப்பியதற்காக 2006இல் ஆஷ்டன் விருது பெற்றது. மாடில்லாத வீடும் மிஞ்சிய சோறு, மரக்கறிக் கழிவு, விழுந்து பழுதான பலா ஆகியவற்றை அரைத்தோ நசுக்கியோ இடலாம். ஆனால் முதல் நிரப்பல் சாணத்தாலேயே ஆகவேண்டும். ஆசையில் சோற்றை அள்ளிக் கொட்டினால் கரைசல் புளித்து வாயு நின்றுவிடும். அப்போது சில நாட்கள் தீனியை நிறுத்தி, சாணக் கரைசலை மட்டும் சிறிது சிறிதாகச் சேர்த்தால் மீளும்.

காய்ந்ததற்கு அனகி அடுப்பு. 1980களில் இலங்கையிலேயே உருவான, இரண்டு சட்டி வைக்கும் இந்தக் களிமண் அடுப்பு மூன்று கல் அடுப்பைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விறகை மிச்சப்படுத்தும். விறகுக்குக் கிளிரிசிடியாவை, அதாவது சிங்கள அயலவர் வெட்டமாரா என்னும் சீமைக்கிளுவையை, வேலியாகவும் சரிவில் குறுக்கு வரிசையாகவும் நடலாம். 2005இல் அரசாங்கம் இதனைத் தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. தடி நட்டாலே முளைக்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். வேர் மண்ணைப் பிடிக்கும். இலையை வாடவைத்துக் கொடுத்தால் மாடும் ஆடும் பழகித் தின்னும். கோழிக்குக் கொடுக்கவேண்டாம். வெட்டிய தடியில் பாதி நிறை தண்ணீரே. கூரையின் கீழ் அடுக்கி நன்றாகக் காயவைத்த பின்னரே எரிக்கவேண்டும், இல்லாவிட்டால் புகைதான் மிஞ்சும்.

கலனிலிருந்து வெளிவரும் கரைசல், வாயுவைவிடப் பெறுமதியானது என்று சொல்லும் விவசாயிகளை நாம் சந்தித்திருக்கிறோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் பட்ட பாடு நினைவிலிருப்பதால் அவர்கள் சொல்வது விளங்குகிறது. சாணத்திலிருந்த தழைச்சத்து இதில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தண்ணீர் கலந்து போஞ்சிக்கும் கறிமிளகாய்க்கும் அடியில் ஊற்றலாம். பச்சையாக உண்ணும் இலைகள் மேல் ஊற்றலாகாது.

ஒரு எச்சரிக்கை. கலனைத் துப்புரவு செய்ய யாரும் உள்ளே இறங்கக்கூடாது, தலையை நுழைத்துப் பார்க்கவும் கூடாது. மூச்சடைத்து நொடியில் உயிர் போகும். காப்பாற்ற இறங்குபவரும் பிழைப்பதில்லை. முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும், அதை மூட்டாமல் வெளியே விட்டுவிடுங்கள். குழாய் மூட்டுகளில் கசிவிருந்தால் சவர்க்கார நுரை பூசிப் பார்த்து அறியலாம். தீக்குச்சி பிடித்துப் பார்க்கவேண்டாம்.

மீண்டும் இடம் மாறவேண்டி வந்தால் தாங்கிகளைக் கழற்றி லொறியில் ஏற்றுவதற்கு முன், பழைய கரைசலில் நான்கைந்து வாளி தனியாக மூடி எடுத்துச் செல்லுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவதைப் போல அதைப் புதிய நிரப்பலில் கலந்தால், வாரக்கணக்கில் காத்திராமல் அடுப்பு விரைவில் எரியத் தொடங்கும்.