கொடுமணலுக்கும் ஒரு விழா வேண்டாமா?

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் லூகோ என்று ஒரு நகரம் இருக்கிறது. ரோமாபுரிச் சக்ரவர்த்தி அகஸ்டஸ் காலத்தில் உருவான ஊர். பின்னாளில் ரோமானியர் எழுப்பிய கல்மதில், 71 கொத்தளங்களுடன், 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சுற்றளவில் இன்றும் ஊரைச் சுற்றி முழு வட்டமாக நிற்கிறது. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மறு ஆண்டே ஊர்க்காரர்கள் 'ஆர்டே லூகுஸ்' என்ற விழாவைத் தொடங்கிவிட்டார்கள். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பெரியவர், சிறியவர் எல்லோரும் ரோமானிய உடை தரித்து வீதிக்கு வருகிறார்கள்.

இதில் என்னைக் கவர்ந்த அம்சம் வேறு. ஊரில் ஒரு சாரார் ரோமானியர் வேஷமே போடுவதில்லை. ரோமானியப் படை வருவதற்கு முன் அங்கே வாழ்ந்த பழங்குடியினராக வேஷம் கட்டுகிறார்கள். வென்றவர், தோற்றவர் இருவருமே தம் முன்னோர் என்று ஏற்றுக்கொள்ளப் பெரிய மனது வேண்டும்.

"ரோமாபுரிக்கும் கௌதள்ளிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நம் அன்பர்கள் கேட்கலாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்படும் வரை, கௌதள்ளி அடங்கிய கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலும் அப்போது அதே ஜில்லாதான். இரண்டு ஊருக்கும் ஒரே கலெக்டர்! இன்று கொடுமணல் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. நாம் கர்நாடகத்தில் இருக்கிறோம்.

பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று பேசப்படும் ஊர் இதுவே என்பர். 1985 முதல் பல கட்டங்களாக இங்கே அகழாய்வு நடந்துள்ளது. சூதுபவளம், பளிங்கு, பெரில் முதலிய கற்களில் மணி செய்யும் தொழிற்கூடம் இருந்ததற்குச் சான்றுகள் கிடைத்தன. உடைத்த கல், தேய்த்த கல், துளையிட்டும் முடிக்காமல் விட்ட மணி என்று வேலையின் ஒவ்வொரு படியும் மண்ணுக்குள் அப்படியே இருந்தது. பெரில் கல் பக்கத்திலுள்ள படியூரில் கிடைத்தது. சூதுபவளமோ வடக்கே குஜராத் பகுதியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

இரும்போடு பழகிய எனக்கு மணிகளைவிட உலைதான் முக்கியம். நடுவே பெரிய உலை, அதைச் சுற்றிச் சிறு உலைகள், எஃகு செய்யப் பயன்பட்ட மூசைகள்! வெப்பத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன் இந்த வேலையைத் தொடவே முடியாது. பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் நூற்றுக்கணக்கான கீறல்கள் உள்ளன. அவற்றுள் வடபுலத்துப் பெயர்களும் உண்டு. பிழைப்புக்காக வேற்றூர் வந்தவர்கள் அன்றும் இருந்தார்கள்!

மேற்குக் கரையின் முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன வணிகப் பெருவழியில் கொடுமணல் இருந்தது. மிளகுக்கும் மணிக்கும் விலையாக ரோமானியக் காசு வந்தது. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி என்ற ரோமானிய அறிஞர் அங்கலாய்த்தார். அந்தக் காசுகள் கரூரிலும், கொடுமணலை அடுத்த கத்தாங்கண்ணியிலும் கிடைத்தன. பெங்களூர் யஷ்வந்தபுரத்தில் 1891-இல் ரயில் பாதைக்காக மண் வெட்டியபோதுகூட ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக்காசு அகப்பட்டது.

கொடுமணலை ரோம் ஆண்டதில்லை. ஆகையால் அங்கே விழா எடுத்தால் நம் பிள்ளைகள் ரோமானியச் சிப்பாய் வேஷம் போட வேண்டியதில்லை. மணி துளைப்பவராக, உலை ஊதுபவராக, பொதி மாடு ஓட்டுபவராக வரட்டும். காங்கேயம் வட்டாரத்தில் கல் பட்டை தீட்டும் தொழிலாளர் இன்றும் உண்டு. அவர்களை அழைத்துப் பிள்ளைகள் முன்னால் வேலை செய்து காட்டச் சொல்லலாம். லூகோவுக்கு ஒரு மதில் இருக்கிறது. கொடுமணலில் வெளியே தெரிவது ஈமக்காட்டுக் கல்வட்டங்கள்தான். உழவுக்கு இடைஞ்சல் என்று அகற்றப்பட்டவை போக மிஞ்சியவை அவை. ஊரார் கொண்டாடும் பொருளை யாரும் எளிதில் பெயர்த்தெறிய மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பொங்கலுக்கு மாதேஸ்வரன் மலை, மேட்டூர் வழியாகக் கொங்கு நாட்டுக்குப் போகிறவர்கள் ஈரோட்டிலிருந்து சென்னிமலைக்குப் போய், அங்கிருந்து கொடுமணலை விசாரித்துப் போகலாம். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். கல் துண்டு, ஓட்டுச் சில்லு எது கண்ணில் பட்டாலும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.