காவல் நாய் வளர்க்கும் கமக்காரர் அறிய வேண்டியவை
ஆபத்தானவை எனக் கருதப்படும் நாயினங்கள்

வயலுக்கும் தோட்டத்திற்கும் நாய் பழைய காவலன். நெற்கதிர் முற்றும் காலத்திலும், மிளகாய், வெங்காயம், கத்தரி முதலியன பலன் தரும் காலத்திலும், பன்றியோ கட்டாக்காலி மாடோ கள்வனோ வருவதைக் கமக்காரனுக்கு முதலில் அறிவிப்பது நாயின் குரலேயாகும். குச்சவெளிப் பகுதியில், நிலாவெளியிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் தெருவை அண்டிய பல இடங்களில் வீடும் தோட்டமும் அருகருகே உள்ளன. ஆதலின் ஒருவர் காவலுக்கு வளர்க்கும் நாய், அயலவரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்லும் வழியிலேயே வாழ்கின்றது என்பதை மறத்தலாகாது.

பயிரழிவு மிகும்போது, நாட்டு நாய் போதாது, றொட்வைலர், பிற்புல் போன்ற வலிமை மிக்க பிறநாட்டினக் குட்டியொன்றை வாங்கி வளர்த்தால் நன்று என்னும் எண்ணம் எழுதல் இயல்பு. அவ்வாறு பணத்தைச் செலவிடுமுன், இவ்வினங்கள் எவை, இவை ஏன் ஆபத்தானவை எனக் கருதப்படுகின்றன, உண்மையான ஆபத்து எங்கே உள்ளது என்பவற்றைக் கமக்காரர் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும்.

இனங்களும் அவற்றின் பிறப்பும்

நெல்லில் நாம் வேண்டிய குணமுள்ள கதிரைத் தெரிந்து விதைக்கு வைப்பது போலவே, மனிதன் தனக்கு வேண்டிய குணமுள்ள நாய்களைத் தெரிந்து இனம் பெருக்கினான். எனவே, ஓர் இனம் எவ்வேலைக்காக உண்டாக்கப்பட்டது என்பதை அறிந்தால், அதன் உடல்வலிமையையும் இயல்பையும் ஓரளவு அறியலாம்.

பிற்புல் எனப்படுவது, காளையோடு பொருதுவதற்கு வளர்க்கப்பட்ட புல்டோக் இனத்தையும் சுறுசுறுப்பு மிக்க டெரியர் இனத்தையும் கலந்து பிரித்தானியாவில் உண்டாக்கப்பட்ட நாய்களின் வழிவந்தது. அந்நாட்டில் காளையை நாய்களால் கடிப்பிக்கும் விளையாட்டு 1835 ஆம் ஆண்டிற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதன்பின் நாய்ச்சண்டை மறைவிடங்களிற் பெருகிற்று. கவ்வியதை விடாது பற்றும் குணம் இத்தகைய விளையாட்டுகளுக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டது.

றொட்வைலர் ஜேர்மனியின் றொட்வைல் என்னும் நகரின் பெயரைக் கொண்டது. இது மாடு சாய்ப்பதற்கும் இறைச்சி வியாபாரிகளின் வண்டியை இழுப்பதற்கும் பயன்பட்டது. வளர்ந்த கடுவன் ஏறக்குறைய 50 கிலோ நிறையுடையது. நெல் மூடையொன்றின் நிறைக்கு ஒப்பானது. டொபர்மன், அபோல்டா என்னும் ஜேர்மனிய ஊரில் வரி சேகரிப்பவராக இருந்த ஒருவர் தம் பாதுகாப்புக் கருதி 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உண்டாக்கிய இனமாகும். ஜப்பானின் தோசா சண்டைக்கும், ஆர்ஜென்டினாவின் டோகோ காட்டுப்பன்றி வேட்டைக்கும், பிரேசிலின் பிலா பெருந்தோட்டக் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை.

இவ்வினங்களை அஞ்சுவதற்கு முதற் காரணம் அவை அடிக்கடி கடிப்பன என்பதன்று. கடித்தால் விளையும் சேதம் பெரிது என்பதேயாகும். சிறிய நாய் கடித்து விலகும் இடத்தில், பெரிய நாய் கவ்வி உலுக்கித் தசையைக் கிழித்துவிடும். வளர்ந்தவரின் காலிற் படும் கடி, குழந்தையின் முகத்திலும் கழுத்திலும் படும். பிள்ளைகளுக்கே ஆபத்து மிகுதி என்பதற்கு இதுவே காரணம்.

பிறநாடுகளின் அனுபவம்

பிரித்தானியாவில் 1991 ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம், பிற்புல் டெரியர், ஜப்பானியத் தோசா, டோகோ ஆர்ஜென்டினோ, பிலா பிரேசிலேரோ ஆகிய நான்கு வகைகளையும் தடைசெய்தது. எக்ஸ்-எல் புல்லி எனப்படும் வகை 2023 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. எனினும், இங்கிலாந்தில் நாய்க்கடியால் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டோர் 1998 இல் இலட்சத்துக்கு ஏறக்குறைய 6 பேராக இருந்து, 2018 இல் 15 பேராயினர். நெதர்லாந்து தனது பிற்புல் தடையை நீக்க 2008 ஆம் ஆண்டில் தீர்மானித்தது. இனத்தைத் தடுத்தல் மட்டும் கடியைக் குறைத்துவிடாது என்பது இவற்றால் விளங்கும்.

அண்டை நாடாகிய இந்தியாவில், மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை 2024 மார்ச் 12 ஆம் நாள், பிற்புல், றொட்வைலர் உட்பட 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்திற்று. சம்பந்தப்பட்டோரைக் கலந்தாலோசியாது விடுக்கப்பட்டதென்பதனால், கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே அதனை இரத்துச் செய்தது. அதன் மறு மாதத்தில், சென்னைப் பூங்காவொன்றில் கட்டின்றி விடப்பட்ட இரு றொட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியொருத்தியைக் கடித்துப் படுகாயப்படுத்தின. பிற்புல், றொட்வைலர் இரண்டிற்கும் புதிய அனுமதிப்பத்திரம் வழங்குவதில்லையெனச் சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் தீர்மானித்தது.

மறுபுறத்தில், 18,000 இற்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அமெரிக்க ஆராய்ச்சியாளர் திரட்டி 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட தகவலின்படி, ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் இடையேயுள்ள நடத்தை வேறுபாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கே இனத்தால் விளைவது. எஞ்சியதில் வளர்ப்பு, பழக்கம், வயது, சூழல் ஆகியவற்றிற்குப் பெரும் பங்குண்டு.

எனவே கமக்காரர் மனத்திற் கொள்ளவேண்டிய முடிவு இதுவாகும்: கடி எத்துணைப் பெரிதாகும் என்பதை இனம் காட்டும், நாய் கடிக்குமா என்பதைப் பெரும்பாலும் வளர்ப்பவனே தீர்மானிக்கின்றான்.

தோட்டத்திற்கு ஏற்ற நாய் எது?

தோட்டத்திற்கு வேண்டியது குரைத்து அறிவிக்கும் நாயேயன்றி, ஆளைக் கடித்து வீழ்த்தும் நாயன்று. குரங்கு மரத்தில் ஏறிவிடும். அதனைப் பிடிக்க 50 கிலோ நாயாலும் இயலாது. யானை வரும் இடங்களில் எவ்வின நாயையும் அதன்மீது ஏவுதல் கூடாது. யானை திரும்பித் துரத்தினால் நாய் தன் எசமானனை நோக்கியே ஓடிவரும். பின்னே யானையும் வரும்.

மேலும், பெரிய இன நாய்க்கு நாளும் மிகுந்த உணவு வேண்டும். தடித்த கருமயிர் கொண்ட றொட்வைலர் போன்றவை திருகோணமலைக் கரையோரத்தின் சிறுபோக வெயிலைத் தாங்காது வருந்தும். வருந்தும் நாய் சினங்கொள்ளும். நம் நாட்டு நாயோ வெப்பத்திற்குப் பழகியது; குறைந்த உணவில் வாழ்வது; கூரிய செவியுடையது. நன்கு வளர்க்கப்பட்ட நாட்டு நாய் ஒன்று தோட்டக் காவலுக்குப் போதும்.

நாய் கடிப்பதற்குக் காரணங்கள்

எந்த நாயும் பின்வரும் நிலைகளிற் கடிக்கக்கூடும்.

1. பகலிரவாகக் குறுகிய சங்கிலியிற் கட்டிவைக்கப்படும்போது. சினம் மிகட்டுமென நாயை ஓயாது கட்டிவைத்தல் பெருந்தவறு. அச்சினம் கள்வனையும் பிள்ளையையும் பிரித்தறியாது.
2. உணவு உண்ணும்போதும், உறங்கும்போதும், குட்டிகளுடன் இருக்கும்போதும் இடையூறு செய்யப்படும்போது.
3. அடியாலும் கல்லெறியாலும் மனிதரை அஞ்சப் பழகியிருக்கும்போது.
4. நோவோ நோயோ உள்ளபோது.
5. பல நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து துரத்தும்போது.

வளர்க்கும் முறை

குட்டியை 8 கிழமை ஆகுமுன் தாயினின்றும் பிரித்தல் ஆகாது. பிறந்த 3 ஆம் கிழமை முதல் 12 ஆம் கிழமை வரையிலான காலம், உழவில் நாற்றுப் பருவத்திற்கு ஒப்பானது. அக்காலத்திற் பிள்ளைகள், அயலவர், மாடு, ஆடு, கோழி, உழவு இயந்திரம் ஆகியவற்றை அச்சமின்றிக் கண்டு பழகிய குட்டி, வளர்ந்தபின் காரணமின்றிக் கடிப்பது அரிது. உரிய வயதிற் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தால் நாய் அலைந்து திரிவதும் பிற நாய்களோடு சண்டையிடுவதும் குறையும். வேண்டாத குட்டிகளும் பெருகா.

வலிமை மிக்க இன நாயை ஏற்கெனவே வளர்ப்போர், உயர்ந்த வேலியும் பூட்டத்தக்க படலையும் அமைத்தல் வேண்டும். வெளியே கொண்டுசெல்லும்போது வாய்க்கட்டும் உறுதியான வாரும் இட்டு, வளர்ந்தவர் ஒருவரே பிடித்துச் செல்லவேண்டும். எந்த இனமாயினும் சிறு பிள்ளையையும் நாயையும் தனித்திருக்க விடுதல் கூடாது.

இனத்தினும் பெரிய ஆபத்து

நம் நாட்டில் நாயினால் நேரும் மரணங்களுக்குப் பெருங்காரணம் பெரிய பல்லன்று, விசர்நோய்க் கிருமியே. இக்கிருமி விசர்கொண்ட விலங்கின் உமிழ்நீரில் உள்ளது. இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் 377 பேர் விசர்நோயால் மாண்டனர். தடுப்பூசியின் பயனாக இத்தொகை பெரிதுங் குறைந்துள்ளது. எனினும் அண்மைய ஆண்டுகளிலும் ஆண்டொன்றுக்கு இருபது முப்பது பேர் இதனால் மாளுகின்றனர். நோயின் குறிகள் தோன்றியபின் பிழைத்தல் ஏறக்குறைய இல்லையெனலாம். ஆனால் கடிபட்டவுடன் முறைப்படி மருந்து பெறுவோர் காப்பாற்றப்படுகின்றனர்.

தடுப்பூசி பெறாத மூன்று மாதக் குட்டியின் கீறல், தடுப்பூசி பெற்ற றொட்வைலரின் கீறலைவிட ஆபத்தானதாகலாம். ஆகவே, வீட்டு நாய், தோட்ட நாய், குட்டி என்னும் வேறுபாடின்றி யாவற்றிற்கும் ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றுவித்தல் வேண்டும். முதல் ஊசிக்குரிய வயதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டறிக. ஊசி ஏற்றிய அட்டையைப் பத்திரப்படுத்துக. மாட்டையோ ஆட்டையோ ஐயத்திற்குரிய நாய் கடித்தாலும் உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். விழுங்க இயலாது வாயில் நீர் வடிக்கும் மாட்டின் வாய்க்குள், தொண்டையில் ஏதோ சிக்கியதென எண்ணி வெறுங்கையை விடுதல் ஆகாது. அது விசர்நோயின் குறியாகவும் இருக்கலாம்.

நாய் தாக்க வரும்போது

ஓடுதல் கூடாது, ஓடுவதைத் துரத்துதல் நாயின் இயல்பு. அதன் கண்ணை உற்று நோக்காது, பக்கவாட்டாக நின்று, மெல்லப் பின்வாங்குக. கையிலுள்ள கடகம், சாக்கு, மண்வெட்டி, குடை இவற்றுள் ஒன்றை நாய்க்கும் உமக்கும் இடையே பிடிக்க. கீழே வீழ்ந்துவிட்டால், முழங்காலை மடக்கிச் சுருண்டு, முகத்தையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்க. இதனைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிப் பழக்குதல் நன்று.

கடிபட்டபின் செய்யவேண்டியவை

1. காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிட நேரம் நன்கு கழுவுக. வயலில் நேர்ந்தால், தூய கிணற்று நீரை இடைவிடாது ஊற்றிக் கழுவலாம். இரத்தம் பெருகினால் தூய துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு விரைந்து செல்க.
2. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், கோப்பித்தூள், எண்ணெய் எதனையும் இடாதீர்.
3. அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. கீறல் சிறிதென்றோ, நாய் நம்முடையதென்றோ, மந்திரித்தாயிற்று என்றோ தாமதித்தல் உயிருக்கு இறுதியாகலாம். அறுவடை வேலை ஒரு நாள் பொறுக்கும், இக்கிருமி பொறுக்காது.
4. வைத்தியர் குறிக்கும் நாள்களில் எல்லா ஊசிகளையும் தவறாது பெறுக.
5. கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாது, இயலுமாயின் பாதுகாப்பாக அடைத்துவைத்து 14 நாள் அவதானிக்க. நாய் மாண்டாலோ மறைந்தாலோ நடத்தை மாறினாலோ வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உடனே தெரிவிக்க.

சட்டக் கடமை

நாய் வளர்ப்போருக்குரிய கடமைகள் 1893 ஆம் ஆண்டின் நீர்வெறுப்புநோய்க் கட்டளைச் சட்டத்திலும், 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்திலும் கூறப்பட்டுள்ளன. நாயைப் பிரதேச சபையிற் பதிவு செய்தலும் தடுப்பூசி ஏற்றுவித்தலும் வளர்ப்பவரின் பொறுப்பாகும். குட்டிகளை வயல்வெளியிலும் தெருவோரத்திலும் சந்தையிலும் விட்டுவிடுவோர், அயலவருக்கே ஆபத்தை விதைக்கின்றனர்.

முடிவாக, காவலுக்கு நாய் வேண்டுவோர் இனப் பெயரில் மயங்காது, தம்மால் உணவிட்டு, ஊசியேற்றி, அடக்கி வளர்க்கத்தக்க நாயையே தெரிந்துகொள்க. இப்போகத்தில் அழிந்த பயிரை அடுத்த போகத்தில் மீண்டும் விளைவித்துக்கொள்ளலாம். நம் நாயாலோ அயலவர் நாயாலோ இழந்த பிள்ளையை மீட்க வழியில்லை. உங்கள் நாய் இவ்வாண்டுக்குரிய ஊசியைப் பெற்றுவிட்டதா என்பதை இன்றே அட்டையை எடுத்துப் பார்த்து, இல்லையாயின் அருகிலுள்ள கால்நடை வைத்தியர் அலுவலகத்தை நாடுவீர்களாக.