ஆடியிலேயே மழைக்கால டயட்டா? புதுக்கோட்டைக்கு எது செட் ஆகும்?

‘மழைக்காலம் வந்தாச்சு, இதைச் சாப்பிடுங்க’ என்று ஜூலையிலேயே ரீல்ஸ் வர ஆரம்பித்துவிடும். ஆயுர்வேதம் ஆண்டை 6 பருவங்களாகப் பிரிக்கிறது. அதில் மழைக்காலமான ‘வர்ஷ ருது’ ஏறக்குறைய ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் நடுவில் முடியும்.

வட இந்தியாவுக்கு அது சரி. ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் ஆடியில் வெயிலும் காத்தும்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதனால மாசத்தைப் பார்க்காதீங்க, வானத்தைப் பாருங்க.

வெயில் இருக்கும்வரை மோர், இளநீர். மழை பிடித்ததும் செரிமானம் மந்தமாகும் என்கிறது ஆயுர்வேதம். அப்போ சுக்கு, மிளகு சேர்த்த சூடான, எளிய சாப்பாடு, கொதிக்கவைத்த தண்ணீர்.

ஒரு எச்சரிக்கை: மழையோடு டெங்குவும் வரும். காய்ச்சல் 2 நாளைத் தாண்டினால் நிலவேம்புக் குடிநீரோடு நிறுத்தாதீங்க. அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை அவசியம்.