சிபாரிசு வேறு, பரிந்துரை வேறு

சிபாரிசு என்றாலே நம்மில் பலர் முகம் சுளிப்பர். பெரிய கணினி நிறுவனங்களில் நிலவும் ‘எம்ப்ளாயி ரெஃபரல்’ அத்தகையதன்று. அங்குப் பணிபுரியும் ஒருவர், காலியிடத்தின் எண்ணைக் குறித்து, நமது தன்விவரத்தை நிறுவனத்திடம் பதிகிறார். நாம் பணியில் சேர்ந்தால் அவருக்கு ஊக்கத்தொகை கிடைப்பதும் உண்டு. குவியலில் புதையாமல் நம் விண்ணப்பம் கண்ணில் படும் வாய்ப்பு கூடும்; அவ்வளவே. தேர்வும் நேர்காணலும் நம் பொறுப்பு.

“சென்னையில் எனக்கு யாரைத் தெரியும்?” என்று வேங்கிக்காலில் வளர்ந்த நானும் எண்ணியதுண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரில் பெரும்பாலோர்க்கு உதவியவர்கள், எப்போதோ சந்திக்கும் அறிமுகமானவர்களே! நெருங்கியவர் அறிந்ததை நாமும் அறிவோம். தூரத்தவர் அறிந்ததோ நமக்குப் புதிது.

ஆகவே நண்பர்களே, சிறுசேரியிலோ சோழிங்கநல்லூரிலோ பணிபுரியும் நம் கல்லூரி முன்னாள் மாணவரை அணுகுவோம். “வேலை வாங்கித் தாருங்கள்” என்று கேளாமல், காலியிட எண், தன்விவரம், அப்பணிக்குரிய நம் தகுதி பற்றிய நான்கு வரிகள் ஆகியவற்றை அனுப்புவோம். பரிந்துரைக்குப் பணம் கேட்பவரை விட்டு விலகுவோம். நாளை நாம் பணியில் அமர்ந்தால், பின்வரும் தம்பி தங்கையர்க்குக் கதவைத் திறந்து வைப்போம்.