அடிநூலும் தார்நூலும்

தையல் மெஷினில் ஒரு தையல் விழ இரண்டு நூல்கள் வேண்டும்: ஊசிக்கண் வழியே இறங்கும் மேல்நூல் ஒன்று, பலகைக்கு அடியில் பாபின் என்னும் சிறு உருளையில் சுற்றியிருக்கும் அடிநூல் மற்றொன்று. இவ்விரண்டும் துணியின் நடுவே ஒன்றையொன்று கொளுவிக்கொள்ளும்போதுதான் தையல் நிலைக்கிறது. தஞ்சைப் பகுதித் தையற்கடைகளில் இன்றும் ஓடும் கால்மிதி மெஷின்களில் தையல் கெட்டால், முதலில் மேல்நூலின் இறுக்கத்தைத் திருகிப் பார்ப்பதே வழக்கமாயினும், பல வேளைகளில் பிழை அதற்கு முன்பே, பாபின் சுற்றிய நேரத்திலேயே நேர்ந்திருக்கும்.

பழைய சிங்கர், உஷா மெஷின்களில் கைச்சக்கரத்தை ஒட்டி, ரப்பர் வளையம் பூட்டிய சிறு சக்கரம் ஒன்று உண்டு. கைச்சக்கரத்தின் நடுத்திருகைத் தளர்த்தினால் ஊசி அசையாது நிற்கும். பிறகு சிறு சக்கரத்தை அதனோடு அழுத்தி வைத்து மிதித்தால், உராய்வினாலேயே பாபின் சுழலும். நூல், கண்டிலிருந்து நேராகப் பாபினுக்குச் செல்லாமல், இழுப்பைச் சீராக்கும் இரு சிறு தட்டுகளுக்கு இடையே நுழைந்து செல்ல வேண்டும். இதைத் தவிர்த்தால் சுற்று தொளதொளத்து, அடிநூல் விட்டுவிட்டு வந்து தையலைக் கெடுக்கும். ரப்பரில் எண்ணெய் பட்டாலோ, மழைக்கால ஈரத்தில் தோல் பெல்ட் தொய்ந்தாலோ சுழற்சி தடுமாறும்.

வட்டப் பாபினுக்கு முந்திய நீண்ட பாபின் மெஷின்களில், இதய வடிவத் தகடு ஒன்று சுழன்று, நூலைப் பிடித்திருக்கும் கம்பியை இடமும் வலமுமாகத் தானே நகர்த்தியது. கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தின் பட்டு நெசவில் அந்த வேலையை விரல் செய்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்ப் பட்டுச் சேலைக்கு, தறியின் குறுக்கே ஓடும் ஊடைநூலை ராட்டையில் சிறு குச்சியில் சுற்றி, நாடா என்னும் ஓடத்துக்குள் பொருத்துவர். நூல் சுற்றிய அந்தக் குச்சிக்குத் தார் என்று பெயர். தார் சீராக அமையாவிடில் ஊடை அறும், அல்லது கரை இழுபடும். ராட்டையைப் போற்றிய காந்தி, இயந்திரங்களைப் பற்றிய தம் எதிர்ப்பில் 1924-இல் சிங்கர் மெஷினுக்கு விலக்களித்தது, ராட்டைக்கும் தையல் மெஷினுக்கும் உள்ள இந்த உறவை எண்ணும்போது இயல்பாகவே படுகிறது. தார் சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உழைப்பு. சேலையைப் புகழ்வோர் அதை நினைப்பது அரிது என்பது வருத்தத்துக்குரியது.

தையற்கடைகளில் இன்று பருத்தி நூலின் இடத்தைப் பாலியெஸ்டர் பெருமளவு பிடித்துவிட்டது. தீபாவளி நெருக்கடியில் அதை வேகமாக மிதித்துச் சுற்றினால் நூல் நீண்டபடியே பாபினில் ஏறி, தைத்து முடித்தபின் பழைய நீளத்துக்குச் சுருங்கித் துணியையும் சுருக்கும். ஆகையால் மிதமான வேகத்தில், காலியான பாபினில், விளிம்புக்குச் சற்றுக் குறைவாகவே சுற்ற வேண்டும். மீந்த பழைய நூலின் மேல் புதிய நூலைச் சுற்றலாகாது.