கனடாவின் ஐஸ் பெட்டிக்குள் கண்ட எமது இராசவள்ளி

பலசரக்கு வியாபாரத்தில் முப்பது வருடங்களைக் கழித்தவன் நான். ஐஸ்கிரீம் என்றால் வெனிலா, சொக்லேட், ஸ்ட்ரோபெரி. ஐஸ் பழம் என்றால் ஒரேஞ்ச். இதற்கு மேல் வாடிக்கையாளர் எதையும் கேட்கமாட்டார் என்பதே எனது கணக்காக இருந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வசிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது அந்தக் கணக்குப் பிழைத்தது.

ஒரு சனிக்கிழமை மகள் எங்களை ஆசிய பலசரக்குக் கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றாள். சீனர், கொரியர், பிலிப்பீன்ஸ் நாட்டவர், எம்மவர் என்று எல்லோரும் சாமான் வாங்கும் பெரிய கடை. மீன் பகுதியைத் தாண்டியதும் ஒரு சுவர் நீளத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்ட பிரீசர்கள். பேத்தி ஒரு பெட்டியைக் காட்டி, "மூத்தவாப்பா, இது மீனா ஐஸ்கிரீமா?" என்று கேட்டாள்.

அது கொரிய நாட்டுச் சாமான். மீன் வடிவ வேபருக்குள் ஐஸ்கிரீமும், எமது கௌபியைப் போன்ற சிவப்புப் பயறை அவித்துச் சீனி சேர்த்து மசித்த பசையும் இருந்தன. ஐஸ்கிரீமுக்குள் பயறா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். பலூடாவுக்குள் கசகசாவும் ஜெலியும் சேமியாவும் போட்டுக் குடிப்பவர்கள்தானே நாங்கள்?

பழைய சாமான், புதிய உருவம்

அன்று நான்கு வகை வாங்கினோம். கொரியாவின் மெலோனா 1992இல் சந்தைக்கு வந்தது. மெலன் பழச் சுவையுள்ள நீள்சதுரமான பச்சை ஐஸ் பழம். ஜப்பானியர் 1981இல் விற்கத் தொடங்கிய யுகிமி டைபுகு என்ற வகையில், ஒட்டும் அரிசி மாவுப் போர்வைக்குள் ஐஸ்கிரீம் உருண்டை இருக்கும். மாவில் சீனி சேர்வதால் அது பிரீசருக்குள்ளும் கல்லாகாது.

என்னை நிற்க வைத்தது பிலிப்பீன்ஸ் நாட்டின் ஊபே ஐஸ்கிரீம். கடும் ஊதா நிறம். வீட்டில் ஒரு கரண்டி வாயில் வைத்ததும் பழக்கப்பட்ட ருசி. மகள் தொலைபேசியில் கிழங்கின் படத்தைத் தேடிக் காட்டினாள். அது வேறொன்றுமில்லை, எமது இராசவள்ளிக் கிழங்கு! தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டு உம்மா காய்ச்சித் தந்த அதே கிழங்குதான்.

அடுத்தது மகாபுனோ. ஓட்டுக்குள் நீருக்குப் பதிலாக ஜெலி போன்ற மென்மையான பருப்பு நிறைந்திருக்கும் தேங்காய் அது. எமது நாட்டில் டிகிரி பொல் என்பார்கள். அந்தக் காய் தானாக முளைக்காது. கருவைப் பிரித்தெடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்தால்தான் கன்று கிடைக்கும். அதனால் அதற்கு நல்ல விலை. இரண்டும் எமது மண்ணில் விளைபவை. ஆனால் பெட்டியில் போட்டு உலகுக்கு விற்றவர்கள் வேறு ஆட்கள்.

பெட்டியின் பின்பக்கம்

பேத்தி ஆசைப்பட்ட இன்னொரு பெட்டியை வாங்கவில்லை. உள்ளடக்கத்தில் ஜெலட்டின் என்று இருந்தது. எதிலிருந்து எடுத்தது என்று இல்லை. கனடாவில் உள்ளடக்கம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட வேண்டும். 2016 முதல் ஒரு பொருளில் ஹலால் என்று குறிப்பிட்டால், சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் அதில் இருக்க வேண்டும். வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்கத் தேவையில்லை. பெட்டியே பதில் சொல்கிறது. வெளிநாட்டு இனிப்புகளை இறக்கி விற்கும் எமது சகோதரர்கள் ஜெலட்டினையும், மிருகக் கொழுப்பிலிருந்தும் எடுக்கப்படக்கூடிய ஈ471ஐயும் கொள்வனவுக்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

நான் செய்த பிழை

இதை எழுதும்போது ஒரு விடயத்தை மறைக்க முடியாது. 2022இல் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலங்களையும் தாண்டி மின்வெட்டு நீடித்த காலம். எனது பிரீசரில் இருந்த ஐஸ்கிரீம் உருகியது. மின்சாரம் வந்ததும் மறுபடி இறுகியது. முதல் போய்விடுமே என்ற பயத்தில் அதையே விற்றேன். மறுநாள் நீண்டகால வாடிக்கையாளர் ஒருவர் கோப்பையைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "நானா, நீங்களுமா?" என்று மட்டும் கேட்டார். காசைத் திருப்பிக் கொடுத்தேன். மிச்சத்தைக் கொட்டினேன். அந்த மாதமே பிரீசரையும் விற்றுவிட்டேன்.

உருகி மறுபடி இறுகும்போது சிறிய பனித் துகள்கள் சேர்ந்து பெரிதாகின்றன. அதனால்தான் நாக்கில் மணல் போல் தட்டுப்படுகிறது. உருகிய நேரத்தில் கிருமிகளும் பெருகலாம்; மீண்டும் குளிரூட்டுவதால் அவை சாவதில்லை. உறைநிலை உணவுக்கு மறை 18 பாகை செல்சியஸ் என்பது பொதுவான அளவு. ஸ்காபரோ கடையில் ஒவ்வொரு பிரீசரிலும் வெப்பமானி வெளியே தெரியும்படி இருந்தது. எனது கடையில் அப்படி ஒன்று இருக்கவேயில்லை.

ஊர் திரும்பிய பின்

வந்ததும் மகன், "வாப்பா, திரும்ப பிரீசர் போடுவமா?" என்றான். உடனே ஆமென்று சொல்லவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விபரம் கேட்டோம். பிறகு வீட்டில் இராசவள்ளி, தேங்காய்ப்பால், சீனி சேர்த்து இருபது சிறு கோப்பைகள் உறையவைத்து, விற்காமல் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தோம். பிள்ளைகள் நிறத்தைப் பார்த்து எடுத்தார்கள். வயதானவர்கள் ருசித்துவிட்டு, "இது நம்மட கிழங்கெலுவா!" என்றார்கள். இனிப்புக் கூடிவிட்டது என்றவர்களும் இருந்தார்கள், அதையும் குறித்துக்கொண்டோம்.

இம்முறை சிறிய பிரீசர் ஒன்றும், மின்சாரம் நின்றால் தாங்கக்கூடிய ஜெனரேட்டரும், வெப்பமானியும் சேர்த்தே விலை விசாரிக்கிறோம். மூன்றுக்கும் முதல் சேரும்வரை காத்திருப்போம். புதிய சாமான் தேடிக் கடல் கடந்து போகும் வியாபாரிகள் ஊர்ச் சந்தையில் குவிந்திருக்கும் கிழங்கையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். அதைவிட முக்கியம், வாங்கியவர் கோப்பையைத் திருப்பிக் கொண்டுவராத வியாபாரம்.